தெரபி நோட்டில் இருக்கும் வார்த்தைகள்: ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள - தமிழ்நாடு எல்லையை ஒட்டியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் சிலர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாலக்காடு போகிறார்கள், சிலர் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறுகிறார்கள். எங்கே போனாலும் கையில் ஒரு நோட்டு கொடுக்கிறார்கள். அதில் மேண்ட், ப்ராம்ப்ட், ரீஇன்ஃபோர்ஸர், எக்ஸ்டிங்ஷன் என்று எழுதியிருக்கிறது. அர்த்தம் கேட்கலாம் என்று பார்த்தால் அதற்குள் அடுத்த பிள்ளையை உள்ளே கூப்பிட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பக்கத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக வேலை செய்வதால், அந்த நோட்டைக் காட்டி என்னிடம் கேட்பவர்கள் நிறைய. கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

ஏனுங்க, ஏ.பி.ஏ. ஏ.பி.ஏ.ங்கறாங்களே, அது மருந்துங்களா, பயிற்சிங்களா?

பயிற்சிதான். அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ் என்பதன் சுருக்கம். பிள்ளை ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் என்ன நடந்தது, செய்தபின் அதற்கு என்ன கிடைத்தது என்று கவனித்து, அதை வைத்துப் புதுப் பழக்கங்களைச் சிறு சிறு படியாகக் கற்றுக்கொடுக்கும் முறை. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1930களில் செய்த ஆராய்ச்சி இதற்கு அடிப்படை. 1968இல் பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் எழுதிய கட்டுரை இதைத் தனித் துறையாக நிறுத்தியது.

ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து எதுவும் கிடையாது. இந்தப் பயிற்சியும் அதைப் போக்காது. வேண்டியதைக் கேட்கவும், தானே சாப்பிடவும், உடுத்தவும், பாத்ரூம் போகவும், எங்கே வலிக்கிறது என்று காட்டவும் பிள்ளைக்கு உதவுகிறது. தூக்கத்துக்கோ வலிப்புக்கோ டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து வேறு விஷயம். பயிற்சி ஆரம்பித்துவிட்டோமே என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பையன் பேசறதில்லைன்னுதான் வந்தோம். இவங்க நடத்தை நடத்தைங்கறாங்க. எம்பையன் நல்லவன்தானுங்களே?

நல்லவன்தான், சந்தேகமே வேண்டாம். இங்கே நடத்தை என்றால் குணம் இல்லை. கண்ணால் பார்க்கக்கூடிய, காதால் கேட்கக்கூடிய, எண்ணக்கூடிய எந்தச் செயலும் நடத்தைதான். தண்ணீர் கேட்பதும் நடத்தை, டம்ளரைத் தட்டிவிடுவதும் நடத்தை, ஒரு வார்த்தை சொல்வதும் நடத்தை.

அதனால்தான் "அடம் பிடித்தான்" என்று எழுதினால் டீச்சர் திருப்பி அனுப்புகிறார்கள். அடம் என்றால் உங்கள் வீட்டில் ஒன்று, பக்கத்து வீட்டில் வேறு. "தரையில் படுத்துக் காலை உதைத்தான், சுமார் அஞ்சு நிமிஷம்" என்று எழுதினால், அடுத்த மாதம் அது மூணு நிமிஷமாகக் குறைந்திருக்கிறதா என்று பார்க்க முடியும்.

நோட்டுல ஏ, பி, சின்னு மூணு கட்டம் போட்டு எழுதச் சொன்னாங்க. தினமும் எதுக்குங்க அது?

முதல் கட்டம், முன்னால் என்ன நடந்தது. நடுவில், பிள்ளை என்ன செய்தது. கடைசியில், அதன்பின் நீங்களோ மற்றவர்களோ என்ன செய்தீர்கள். ஆன்டிசிடென்ட், பிஹேவியர், கான்சிக்வென்ஸ் என்ற மூன்றின் முதலெழுத்துகள்தான் அவை.

ஒரு வீட்டு நோட்டில் இருந்த மாதிரி ஒரு பக்கம் சொல்கிறேன். முதல் கட்டத்தில்: "அம்மா டி.வி.யை நிறுத்தி, குளிக்க வா என்றாள்." நடுவில்: "தலையைச் சுவரில் இடித்தான்." கடைசியில்: "பயந்துபோய் டி.வி.யைத் திரும்பப் போட்டோம்." ஒரு நாள் மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். முதல் கட்டத்தில் "நிறுத்தினோம்", "கிளம்பச் சொன்னோம்" என்றே திரும்பத் திரும்ப வரும். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்தியது திரும்பக் கிடைத்திருக்கும். எந்த இடத்தில் கைவைக்க வேண்டும் என்று நோட்டே காட்டிவிடும். எழுதும் நாலு வரிக்கு அவ்வளவு பலன் இருக்கிறது, அலுத்துக்கொள்ளாமல் எழுதுங்கள்.

காரணமே இல்லாம கத்தறானுங்க. இதுக்கெல்லாம் என்னத்தை எழுதறது?

பிள்ளையின் எந்தச் செயலும் அதற்கு ஏதோ ஒரு வேலையைச் செய்துகொடுக்கிறது. டீச்சர் நோட்டில் ஃபங்ஷன் என்று எழுதுவது அதைத்தான். பொதுவாக நாலு வகை சொல்வார்கள். யாராவது தன்னைப் பார்க்க வேண்டும்; ஒரு பொருள் வேண்டும்; பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும்; அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருக்கிறது. ஒரே கத்தல் காலையில் ஒன்றுக்காகவும் சாயங்காலம் வேறொன்றுக்காகவும் இருக்கலாம்.

ஆனால் இந்த நாலுக்கும் முன்னால் உடம்பைப் பாருங்கள். புதிதாகக் கத்த ஆரம்பித்தாலோ, காதைப் பிடித்துக்கொண்டாலோ, தாடையில் அடித்துக்கொண்டாலோ, காது வலி, பல் வலி, மலச்சிக்கல் இவை இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் நோட்டுக்கு வாருங்கள். சொல்லத் தெரியாத பிள்ளையின் வலியை அடம் என்று எழுதிவைப்பது பெரிய பாவம்.

காரணம் தெரிந்ததும் அடுத்த வேலை, அதே வேலையைச் செய்துகொடுக்கும் வேறு வழி கற்றுக்கொடுப்பது. எழுதச் சொன்னால் தப்பிக்கக் கத்துகிறவனுக்கு, "போதும்" என்று ஒரு அட்டையை நீட்டக் கற்றுக்கொடுக்கிறோம். நீட்டியதும் நிஜமாகவே நோட்டை மூடி ஓய்வு கொடுக்கிறோம். கார், டுராண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வழி பலன் தந்தது. இன்றுவரை இத்துறையில் இதைவிட நான் நம்புவது வேறொன்றும் இல்லை.

சொன்னதைச் செஞ்சா பிஸ்கட் குடுக்கறது லஞ்சம் இல்லீங்களா?

எப்போது கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கடைவீதியில் கத்த ஆரம்பித்த பிறகு, வாயை மூட பிஸ்கட் கொடுத்தால் கத்தலுக்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும். செருப்பை மாட்டிய உடனே கொடுத்தால் செருப்பு மாட்டுவது நாளைக்கும் நடக்கும். ஒரு செயலுக்குப் பின்னால் வந்து, அந்தச் செயலை அடிக்கடி நடக்க வைப்பது எதுவோ அதுதான் ரீஇன்ஃபோர்ஸர். தமிழ்ப் புத்தகங்களில் வலுவூட்டி என்று போடுவார்கள்.

அது தின்பண்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தூக்கிச் சுற்றுவது, ஊஞ்சல், குழாய்த் தண்ணீரில் கை நனைப்பது, அப்புச்சி வண்டியில் ஒரு ரவுண்ட், எதுவும் ஆகலாம். கொடுக்கும்போது உடனே கொடுங்கள், கூடவே என்னத்துக்கு என்று சொல்லுங்கள்: "செருப்பு மாட்டிட்டியே, சூப்பர் கண்ணு!" பழக்கம் ஊன்றியதும் ஒவ்வொரு தடவையும் கொடுக்காமல், இடையிடையே கொடுத்து, மெல்லக் குறைக்கலாம்.

நோட்டில் ப்ரீமேக் என்று ஒரு பெயர் இருந்தால், 1959இல் உளவியலாளர் டேவிட் ப்ரீமேக் சொன்ன விதி அது. பிடிக்காத வேலைக்குப் பின்னால் பிடித்த வேலையை வை. "முதல்ல குளியல், அப்புறம் டி.வி." நம் வீடுகளில் ஆத்தாக்கள் இதைத்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள்.

எம்பொண்ணுக்கு எதுவுமே புடிக்காதுங்க. பொம்மை வாங்கிக் குடுத்தாலும் பார்க்கறதில்லை.

பொம்மைக் கடையில் தேடாதீர்கள். சும்மா விட்டால் என்ன செய்கிறாள் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஃபேன் சுற்றுவதைப் பார்க்கிறாளா, தென்னை ஓலையைக் கிழித்துக்கொண்டே இருக்கிறாளா, சாக்குக்குள் இருக்கும் நிலக்கடலையில் கைவிட்டு அளைகிறாளா? அதுதான் அவளுக்குப் பிடித்தது. இரண்டு பொருளை முன்னால் வைத்து எதை எடுக்கிறாள் என்று பார்ப்பதும் ஒரு வழி.

இன்னொன்று, நாள் முழுக்க இஷ்டத்துக்குக் கிடைக்கும் பொருளுக்கு வலு இருக்காது. காலையில் வயிறு நிறைய நேந்திரங்காய் சிப்ஸ் தின்றவள் சாயங்காலம் அதற்காக ஒன்றும் செய்யமாட்டாள். ஆனால் சாப்பாடு, தண்ணீர், அம்மாவின் மடி இவற்றைப் பிடுங்கிவைத்துப் பயிற்சி கொடுக்கக் கூடாது. அதெல்லாம் பிள்ளைக்குச் சேர வேண்டியவை.

நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னா அடிக்கறதுதானுங்களே?

இல்லை. பாசிட்டிவ் என்றால் ஒன்றைக் கொடுப்பது, நெகட்டிவ் என்றால் ஒன்றை எடுத்துவிடுவது. இரண்டிலும் செயல் அதிகமாகத்தான் ஆகும். சட்டையின் லேபிள் உறுத்துகிறது. பிள்ளை வந்து சட்டையைக் காட்டுகிறது. நீங்கள் லேபிளை வெட்டிவிடுகிறீர்கள். அடுத்த தடவையும் வந்து காட்டும். நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் இவ்வளவுதான்.

அடிப்பது தண்டனை. அடித்தால் அந்த நேரத்துக்கு நிற்கும், பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியாது, அடிக்கும் ஆளைக் கண்டால் பயம் மட்டும் மிஞ்சும். பள்ளிக்கூடத்தில் அடிப்பதை 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. தெரபி அறைக்குள் அடி, கிள்ளு, இருட்டு அறை, காரம் வைப்பது என்று எதைக் கேள்விப்பட்டாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

ப்ராம்ப்ட் குடுங்கங்கறாங்க, அப்புறம் ப்ராம்ப்டைக் குறைங்கங்கறாங்க. எதைத்தான் செய்யறது?

இரண்டையும்தான். ப்ராம்ப்ட் என்றால் கைத்துணை. கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, செய்து காட்டுவது, விரலால் காட்டுவது, வாயால் சொல்வது எல்லாமே அதில் சேரும். பிள்ளை தப்பாகச் செய்து பழகாமல் இருக்க ஆரம்பத்தில் தாராளமாகக் கொடுக்கிறோம். அப்புறம் முழங்கையைத் தொட்டால் போதும், அப்புறம் பார்த்தாலே போதும் என்று குறைத்துக்கொண்டே வருகிறோம். இதற்கு ஃபேடிங் என்று பெயர்.

கான்கிரீட் போடும்போது அடியில் அடிக்கும் சென்டரிங் பலகை மாதிரி இது. சீக்கிரம் பிரித்தால் இடிந்து விழும். கடைசிவரை பிரிக்காவிட்டால் கூரை தானாக நிற்குமா என்றே தெரியாது. வாயால் சொல்வதைக் குறைப்பதுதான் வீட்டில் கஷ்டம். "சோப்பு எடு, தேய், தண்ணி ஊத்து" என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தால், சொன்னால்தான் குளிப்பான். அதைவிடப் பின்னால் நின்று கையை லேசாக நகர்த்திவிட்டு வாயை மூடிக்கொள்வது நல்லது. ஆனால் பிள்ளை கையை உருவினால் விட்டுவிடுங்கள். பிடித்து இழுத்துச் செய்ய வைப்பது ப்ராம்ப்ட் ஆகாது.

மேண்ட், டாக்ட்னு எழுதியிருக்கு. இங்கிலீஷ் டிக்ஷனரியில பார்த்தாலும் புரியலீங்க.

புரியாது. ஸ்கின்னர் 1957இல் பேச்சைப் பற்றி எழுதியபோது உண்டாக்கிய பெயர்கள் அவை. ஒரே சொல்லை எதற்காகச் சொல்கிறோம் என்று பிரிக்கிறார். தாகம் எடுத்து "தண்ணி" என்றால் மேண்ட், அதாவது கேட்பது. குளத்தைப் பார்த்து "தண்ணி" என்றால் டாக்ட், பார்த்ததைச் சொல்வது. நீங்கள் "தண்ணி" என்றதும் அவனும் "தண்ணி" என்றால் எக்கோயிக், திருப்பிச் சொல்வது. "தாகம் எடுத்தா என்ன குடிப்பே?" என்று கேட்டு "தண்ணி" என்றால் இன்ட்ராவெர்பல், பேச்சுக்குப் பேச்சு.

நான்கும் தனித்தனியாக வரும். படத்தைக் காட்டினால் பூனை, நாய், பஸ் என்று அடுக்குகிற பிள்ளை, பசித்தால் கேட்கத் தெரியாமல் அழுவதை நிறையப் பார்க்கலாம். அதனால் மேண்ட் முதலில். எப்படி ஆரம்பிப்பது? பிடித்த முறுக்கை மூடி போட்ட பாட்டிலில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். உங்கள் கையைப் பிடித்து இழுப்பான். பாட்டிலைக் கையில் எடுத்து, அவன் முகத்துக்கு நேரே குனிந்து, "தா" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு, மனதுக்குள் அஞ்சு எண்ணுங்கள். கையை நீட்டினாலோ, "த்" என்று சத்தம் வந்தாலோ, அந்த நொடியே ஒரு துண்டு முறுக்கு. முழு முறுக்கைக் கொடுத்துவிட்டால் ஒரு வாய்ப்போடு முடிந்துபோகும். துண்டாகக் கொடுத்தால் பத்து வாய்ப்பு. ஒன்றும் வராவிட்டால் கையை நீட்ட உதவிவிட்டுக் கொடுங்கள். அழ விட்டுக் காக்க வைக்காதீர்கள்.

படம் போட்ட அட்டை குடுத்துப் பழக்கினா அப்புறம் வாயைத் திறந்தே பேசமாட்டான்னு சொல்றாங்களே?

எங்கள் பக்கத்தில் ரொம்பப் பரவியிருக்கும் பயம் இது. அட்டையோ சைகையோ டேப்லெட் கம்ப்யூட்டரோ பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை; பல பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவே வருகிறது. அட்டையைக் கொடுத்துப் பொருளை வாங்கும் பெக்ஸ் முறையை 1985இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் அமெரிக்காவின் டெலவேரில் உருவாக்கினார்கள். பேச்சு வராத பிள்ளைக்கு இன்றைக்கே ஒரு வாய் வேண்டும். பேச்சு வரட்டும் என்று மூணு வருஷம் ஊமையாக உட்கார வைக்காதீர்கள்.

மேஜையில உக்கார வெச்சுத்தான் சொல்லித் தரணுமா, விளையாடறப்பவும் ஆகுங்களா?

இரண்டுக்கும் இடம் உண்டு. மேஜையில் உட்கார வைத்து, ஒரு சொல், ஒரு பதில், ஒரு பலன், சின்ன இடைவெளி, மறுபடி ஒன்று என்று போவது டிஸ்கிரீட் ட்ரயல். புதிய விஷயத்தைக் குழப்பமில்லாமல் தொடங்க உதவும். பிள்ளை போகிற போக்கில், அதற்குப் பிடித்ததை வைத்தே கற்றுக்கொடுப்பது இயல்பான சூழல் பயிற்சி. வீட்டில் உள்ளவர்களுக்கு இரண்டாவதுதான் கைவரும், மேலே சொன்ன முறுக்கு அதுதான். சின்னக் குழந்தையை மணிக்கணக்கில் மேஜையோடு கட்டிவைக்கும் இடம் எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டை போடக் கத்துக்குடுத்துக் குடுத்து நான்தான் ஓய்ஞ்சு போறேன். வேற வழி இருக்குங்களா?

கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் வேலையைப் படிகளாக எழுதுங்கள். டாஸ்க் அனாலிசிஸ் என்பார்கள். டீ-சர்ட் என்றால்: எடுப்பது, தலை வழியே விடுவது, வலது கை, இடது கை, கீழே இழுத்துவிடுவது. முதல் நாலு படியையும் நீங்கள் செய்யுங்கள். வயிற்றுக்கு மேல் சுருண்டு நிற்கும் துணியைக் கீழே இழுப்பது மட்டும் அவன் வேலை. இழுத்ததும் சட்டை போட்டாகிவிட்டது, பாராட்டும் கிடைக்கிறது. அது பழகியதும் கடைசி இரண்டு படி அவனுடையது. பேக்வர்ட் செயினிங் என்று இதற்குப் பெயர். முதல் படியிலிருந்து போவது ஃபார்வர்ட் செயினிங்.

ஷேப்பிங் இதற்குப் பக்கத்து விஷயம். "அம்மா" என்று சொல்ல வேண்டும், ஆனால் "ம்" மட்டும் வருகிறது. முதலில் "ம்"முக்கே பாராட்டு, அப்புறம் "ம்மா"வுக்கு மட்டும் என்று எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவது.

கண்டுக்காம விடுங்கன்னாங்க, விட்டோம். முன்னைவிட ரெண்டு மடங்கு கத்தறான். தப்பாச் சொல்லிட்டாங்களா?

முன்பு கத்தலுக்குக் கிடைத்தது இனிக் கிடைக்காது என்று நிறுத்துவது எக்ஸ்டிங்ஷன். நிறுத்தியதும் கொஞ்ச நாள் கத்தல் ஏறலாம்; எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட் என்பார்கள். இதுவரை இந்தச் சத்தத்துக்குக் கிடைத்ததே, இன்னும் பெரிதாகக் கத்திப் பார்ப்போம் என்று பிள்ளை முயற்சி செய்கிறது. அந்த உச்சத்தில் விட்டுக்கொடுத்தால், இனி அந்த உச்சத்திலிருந்துதான் ஆரம்பிப்பான்.

ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவது எல்லாக் கத்தலுக்கும் மருந்து இல்லை. நாலு வகை சொன்னேனே, அதில் யாராவது பார்க்க வேண்டும் என்று கத்தினால் மட்டுமே அது பொருந்தும். பாடத்திலிருந்து தப்பிக்கக் கத்துகிறவனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவன் கேட்டதுதான் கிடைக்கிறது. மாற்று வழி கற்றுக்கொடுக்காமல் வெறுமனே விடுவதும் கொடுமை. தலையை இடித்துக்கொள்வது, கையைக் கடித்துக்கொள்வது இருந்தால் வீட்டில் நீங்களாக எக்ஸ்டிங்ஷன் செய்யவே கூடாது. டாக்டரும் அனுபவமுள்ள பயிற்சியாளரும் கூட இருக்க வேண்டும்.

சென்டர்ல எல்லாம் செய்யறானாம். வீட்டுக்கு வந்தா ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கறான். ஏமாத்தறானுங்களா?

ஏமாற்றவில்லை. கற்றதை வேறு இடத்தில், வேறு ஆளிடம், வேறு பொருளோடு செய்வது ஜெனரலைசேஷன். நமக்குத் தானாக வருவது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்றுக்கொடுத்தால்தான் வரும். சென்டரில் சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர், வீட்டில் எவர்சில்வர் டம்ளர். நமக்கு இரண்டும் டம்ளர். அவனுக்கு இல்லாமல் போகலாம்.

ஆகவே டீச்சரிடம் வீட்டுப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு செஷனிலாவது உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெற்றோரை ஒருநாளும் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தை நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

சென்டர்ல மலையாளம், வீட்டுல தமிழ். ஒரே பாஷை பேசுங்கன்னு ஒருத்தர் சொன்னார். தமிழை விட்டுடணுங்களா?

விட வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. அம்மாவும் அப்பத்தாவும் தங்களுக்குத் தடுமாறும் மொழியில் பேச ஆரம்பித்தால் பேச்சே குறைந்துபோகும்; கொஞ்சுவதற்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது வேறு. சென்டரில் எந்தச் சொல்லில் பழக்குகிறார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள். அங்கே "இரிக்கு" என்றதும் உட்காருகிறவன் இங்கே "உக்காரு" என்றால் நிற்பான். மேலே சொன்ன ஜெனரலைசேஷன்தான். சில நாள் "உக்காரு" என்று சொல்லி, கூடவே நாற்காலியைத் தட்டிக் காட்டுங்கள், பிடித்துக்கொள்வான். வீட்டில் மலையாளத்தில் "வெள்ளம்" என்று கேட்டாலும் உடனே தண்ணீர் கொடுங்கள், திருத்திக்கொண்டு நிற்காதீர்கள். கேட்டது கிடைப்பதுதான் முக்கியம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. எந்தப் பள்ளி என்று தீர்மானிக்கும்போது அதையும் சேர்த்து யோசியுங்கள்.

கையை உதறிக்கிட்டே இருக்கான். பஸ்ல எல்லாரும் பார்க்கறாங்க. அதை நிறுத்த முடியுங்களா?

அவனுக்கோ மற்றவருக்கோ அடிபடவில்லை என்றால் நிறுத்த வேண்டாம். நாலாவது வகை அது, உடம்புக்கு இதம். சந்தோஷத்திலும் பதற்றத்திலும் தன்னை நிதானப்படுத்திக்கொள்கிறான். பார்க்கிறவர்களைத்தான் பழக்க வேண்டும். உதறல் திடீரென்று அதிகமானால் ஹார்ன் சத்தமா, கூட்டமா, பசியா என்று தேடுங்கள்.

கண்ணைப் பார், கண்ணைப் பார்னு தாடையைப் புடிச்சுத் திருப்பறாங்க. சரிங்களா?

சரியில்லை. ஒரு காலத்தில் இதை முதல் பாடமாக வைத்தார்கள். கண்ணைப் பார்ப்பது ஆட்டிசம் உள்ள பலருக்கு அவஸ்தை என்று அவர்களே பெரியவர்களாகி எழுதியிருக்கிறார்கள். உங்கள் பக்கம் திரும்பினாலே, பொருளைப் பார்த்தாலே போதும்.

வாரம் 40 மணி நேரம் குடுத்தா நார்மல் ஆயிடுவான்னு ஒரு இடத்துல சொல்றாங்க. நிலத்தை வித்தாவது சேர்த்துடலாங்களா?

விற்காதீர்கள். அந்த 40 மணிக் கணக்கு 1987இல் கலிஃபோர்னியாவில் உளவியலாளர் ஐவர் லோவாஸ் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. சின்ன வயதில் தொடங்கி இரண்டு வருஷமோ அதற்கு மேலோ பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்ததாகவும், அவர்களுடைய ஐ.க்யூ. சராசரி அளவுக்கு வந்ததாகவும் எழுதினார். ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்தப் பயிற்சி என்று குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. அதட்டலும் தொடையில் அடியும் அந்தப் பயிற்சியில் இருந்தன. அதன்பின் வந்த ஆய்வுகளில் முன்னேற்றம் பிள்ளைக்குப் பிள்ளை நிறைய மாறுகிறது.

நார்மல் ஆக்குகிறேன் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. கொடுப்பவர் உங்கள் பயத்தை வைத்துப் பணம் பார்க்கிறார். மணிக்கணக்கைவிட, மூணு மாதத்துக்கு ஒரு முறை இலக்கும் முன்னேற்றமும் எழுத்தில் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

ஆட்டிசம் இருக்கற பெரியவங்களே இந்த ஏ.பி.ஏ. வேண்டாங்கறாங்களாமே. அப்ப நாங்க செய்யறது தப்புங்களா?

அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சின்ன வயதில் மணிக்கணக்கில் உட்கார வைத்ததும், கை உதறலை அடக்கியதும், "வேண்டாம்" என்றதற்கு மதிப்பே இல்லாமல் போனதும் தங்களைக் காயப்படுத்தின என்கிறார்கள். அடிகள் இருந்த காலத்தையும் மேலே சொன்னேன். சொன்னதை எல்லாம் செய்கிற பிள்ளையாக ஆக்கிவிட்டால், தப்பான ஆள் சொன்னாலும் அது செய்யும். அந்த ஆபத்தை நினைத்தால் இந்தக் குரல்களை ஒதுக்க முடியாது.

என் நிலை இது. முன்னும் பின்னும் கவனிக்கும் முறை நல்ல கருவி. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று ஒவ்வொரு இலக்குக்கும் கேட்க வேண்டும். தண்ணீர் கேட்பது பிள்ளைக்காக. பஸ்ஸில் கையை உதறாமல் இருப்பது பார்க்கிறவர்களுக்காக. இரண்டாவது வகை இலக்கு நோட்டில் இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். செஷனுக்குப் போகும்போது பிள்ளை வாசலிலேயே அழுது ஒட்டிக்கொள்கிறதா, ஓடி உள்ளே போகிறதா? அதையும் நோட்டில் எழுதுங்கள்.

நாங்க முறையாச் செஞ்சாலும் அம்மாயி வீட்டுக்குப் போனா எல்லாம் போச்சுங்க.

அம்மாயிக்கு நோட்டு வேண்டாம், ஒரே ஒரு வேலை கொடுங்கள். "கை நீட்டிக் கேட்டா உடனே குடுங்க, கத்தினா அட்டையைக் காட்டுங்க." எட்டுப் பத்து விதி சொன்னால் எதுவும் நடக்காது.

யாரு படிச்சவங்கன்னு எப்படிங்க தெரியறது? அப்புறம், கேரளாவுல எடுத்த கார்டு கோயமுத்தூர்ல செல்லுங்களா?

சிறப்புக் கல்வி ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் எல்லாரும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

ஆட்டிசம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும். மாநில அரசு தரும் உதவித்தொகை மட்டும் குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு, விசாரியுங்கள்.

பொண்ணுக்குப் பதினாலு வயசாச்சு. இத்தனை நாள் ஒண்ணும் செய்யலை. இனிப் பலிக்குங்களா?

பலிக்கும். சின்ன வயதில் தொடங்குவது நல்லதுதான், ஆனால் கற்பதற்கு வயது வரம்பு கிடையாது. இலக்குகள் மட்டும் மாறும். கலர் அடுக்குவதை விட்டுவிடுங்கள். தட்டைக் கழுவுவது, கதவைச் சாத்திக்கொண்டு துணி மாற்றுவது, பஸ் நிறுத்தத்தில் நிற்பது, கடையில் காசு கொடுத்து வாங்குவது, பிடிக்காத தொடுதலுக்கு "வேண்டாம்" சொல்வது அல்லது அட்டை காட்டுவது, இவைதான் இப்போது பாடம். அவள் "வேண்டாம்" என்றால் வீட்டில் எல்லாரும் அதை மதித்துக் காட்ட வேண்டும். கன்னத்தைக் கிள்ளும் மாமாவும் அதில் சேர்த்தி.

மாதவிடாய்க்குச் சட்டை போடும் அதே முறைதான். பேடை எடுப்பது, பிரிப்பது, உள்ளாடையில் ஒட்டுவது, மாட்டிக்கொள்வது, பழையதைச் சுற்றிக் குப்பையில் போடுவது என்று படிகளைப் படமாக வரைந்து பாத்ரூம் சுவரில் ஒட்டுங்கள். சில பிள்ளைகளுக்கு அந்த உறுத்தலே ஒத்துக்கொள்ளாது. அதனால் மாதவிடாய் இல்லாத நாளிலேயே பத்து நிமிஷம் போட்டுவிட்டுக் கழற்றிப் பழக்குங்கள், நாலைந்து வகை பேட் வாங்கி எது ஒத்துப்போகிறது என்று அவளையே எடுக்க விடுங்கள். அம்மாவோ அக்காவோ, கற்றுக்கொடுப்பவர் யார் என்பதையும் அவளைக் கேட்டே வையுங்கள்.